அசிட்டிலீன் எங்கிருந்து வந்தது

போன மாதம் என் பழைய பிரிவில் ஒரு சிறு கூட்டம் வைத்து, ஓய்வு பெற்ற எங்களில் சிலரையும் அழைத்திருந்தார்கள். பெரிய மின்மாற்றி ஒன்றின் பக்கவாட்டில் புதிதாகப் பொருத்திய சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினார்கள். அது மின்மாற்றியின் எண்ணெயைத் தானே உறிஞ்சி, அதில் கரைந்திருக்கும் வாயுக்களைத் தானே அளந்து, எண்களைப் பொறியியலாளரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. ஏணி வேண்டாம், சிரிஞ்சு வேண்டாம், மழை விடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என் முழங்கால் இரண்டும் அந்த ஏணிகளில் போனவை.

இப்போது பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவர் என்னோடு பல வருடம் வேலை செய்தவர். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். பெட்டி வந்த பிறகு ஒரு புதுத் தலைவலி இருக்கிறது என்றார். எண் உடனே வந்துவிடுகிறது, ஆனால் அந்த எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு கருத்து. குலசிங்கம் சேர் காலத்தில் நம்பர் வன் என்ற மின்மாற்றிக்கு நாங்கள் செய்ததை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் அந்தச் சம்பவத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை இருந்தவர்களில் இப்போது கண்டியில் இருப்பவள் நான் மட்டும்தான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திர அறையில் வேலை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு மின்சாரத் துறையின் பரிசோதனைப் பிரிவில் உதவியாளராக வந்தேன். எண்ணெய்ப் பரிசோதனைக்கு என்னைப் போட்டதற்குக் காரணம் என் திறமை அல்ல. அந்த வாடை சேலையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் என்பதால் வேறு யாரும் அந்த மேசைக்குப் போக விரும்பவில்லை. பிரிவின் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் இருந்த பிறகு வெளிவேலைக்கும் போகச் சொன்னார்கள். சேலை போய் ஓவரோல் வந்தது. புஷ்பராணி என்ற பெயர் வேலையாட்களின் வாயில் ராணி மிஸ் ஆனது.

வெளிவேலையைப் பழக்கியவர் குலசிங்கம் சேர். பருத்தித்துறைக்காரர். எங்கள் பிரிவின் பொறியியலாளர். ஒல்லியான மனிதர், எப்போதும் முழுக்கைச் சட்டை, கைப்பொத்தான்கள் பூட்டியபடி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதிரில் இருப்பவர் சத்தம் போட்டால் அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மற்றவர் முடித்த பிறகு, விட்ட வசனத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எந்தப் பரிசோதனை முடிவையும் நல்லது, கெட்டது என்று சொல்ல எங்களை விடமாட்டார். எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு அவர் கேட்பார்: "வேற என்னத்தாலயும் இப்பிடி வரலாமோ?" அதற்கு ஒரு காரணம் சொன்னால், மறுபடியும் அதே கேள்வி. நமக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாத வரைக்கும் விடமாட்டார். ஆரம்பத்தில் அவர் என்னைப் பரீட்சை செய்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான், பதில் அவருக்கே தெரியாததால் கேட்கிறார் என்பது புரிந்தது.

அவரோடு போன முதல் வேலைகளில் ஒன்று கலகெதரவில். கடைத்தெருவுக்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய மின்மாற்றி. கரண்டை நிறுத்திவிட்டு ஏணி வைத்த நேரத்தில் மழை தூற ஆரம்பித்தது. எண்ணெயில் ஈரம் சேர்ந்தால் மின்சாரத்தைத் தாங்கும் பலம் விழுந்துவிடும். சில துளி போதும். சேர் எங்களை இறங்கச் சொல்லி வானுக்குள் உட்கார வைத்தார். மழை விடுவதாக இல்லை. தெரு முழுவதும் கரண்ட் இல்லை. எதிரே பேக்கரி வைத்திருந்த முதலாளி குடையோடு வந்தார். "எண்ட மா புளிச்சிக்கிட்டு ஈக்கிது சேர். ஒரு போத்தல் எண்ணெய் எடுக்க இவ்வளவு நேரமா?" என்றார். சேர் வானிலிருந்து இறங்கி, மழையில் நின்றபடியே அவருக்கு விளக்கம் சொன்னார். இந்த ஈரக்காற்றில் எடுத்தால் நல்ல எண்ணெயும் பழுதானதாகக் காட்டும், அதை நம்பி மின்மாற்றியைக் கழற்றினால் ஒரு வாரத்துக்குத் தெருவே இருட்டு, எடுக்காமல் போனால் பழுதானதை நல்லது என்று விட்டுவிட்டுப் போவதாகவும் ஆகலாம். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். திரும்பிப் போய் எல்லாருக்கும் பிளேன்டீ அனுப்பினார். மத்தியானம் வெயில் வந்த பிறகுதான் எடுத்தோம்.

எண்ணெயைக் கண்டால் ஆட்கள் கேட்பார்கள். மூட்டு வலிக்குப் பூசினால் நல்லது என்று ஒரு நம்பிக்கை அந்தக் காலத்தில் எங்கும் இருந்தது. எங்கள் தோட்டத்துப் பக்கம் வேலைக்குப் போனபோது, என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு அத்தை வெறும் போத்தலோடு வந்து நின்றார். பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில் நச்சு இருக்கிறது, தோலில் பட்டால் உடம்புக்குள் ஊறும் என்று சொன்னேன். கொடுக்க மனமில்லாமல் சொல்கிறேன் என்று அவர் நினைத்தார். பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

இனி நம்பர் வன்.

குண்டசாலைக்கு அப்பால் உள்ள ஓர் உப மின்நிலையம். பெயர் வேண்டாம். அங்கே பெரிய மின்மாற்றிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பகலில் ஒன்று போதும். மாலையில் வீடுகளில் விளக்கும் அடுப்பும் போட்ட பிறகு இரண்டும் வேண்டும். வருடாந்த மாதிரியாக நான் எடுத்து அனுப்பிய எண்ணெயைப் பார்த்துவிட்டு, வாயுக்களை அளக்கும் வசதி இருந்த கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். நம்பர் வன்னில் அசிட்டிலீன் இருக்கிறது. முந்தைய வருடங்களில் ஒரு துளியும் இல்லை.

எண்ணெய் சூடேறினால் சில வாயுக்கள் பிறக்கும். உள்ளே சுற்றியிருக்கும் காகிதம் கருகினால் வேறு சில. அதையெல்லாம் பார்த்து யோசிக்க நேரம் உண்டு. அசிட்டிலீன் அப்படியல்ல. எண்ணெய்க்குள் மின்பொறி பறந்தால்தான் அது இந்த அளவுக்கு வரும். ஆயிரக்கணக்கான லீட்டர் எண்ணெய்க்கு நடுவில் பொறி என்றால், அந்தத் தொட்டி ஒரு நாள் வெடித்துத் தீப்பிடிக்கலாம். சுற்றுமதிலுக்கு அந்தப் பக்கம் வீடுகள்.

சேர் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான். நான் சொன்னேன்: சிரிஞ்சில் முந்தைய எண்ணெய் ஒட்டியிருந்திருக்கலாம், பெயர்ச்சீட்டு மாறியிருக்கலாம், ஆய்வுகூடத்து இயந்திரம் பிழை விட்டிருக்கலாம். "ஓம். அப்ப திரும்ப எடுப்பம்" என்றார்.

அடுத்த நாள் போனோம். அடிப்பக்க வால்வின் வாயைப் பஞ்சில்லாத துணியால் துடைத்தேன். முதலில் வரும் எண்ணெய் குழாயில் தேங்கிக் கிடந்தது. அதற்குச் சாட்சி சொல்லத் தகுதி இல்லை. அதை வாளிக்குள் விட்டுவிட்டு, பிறகு வந்த எண்ணெயால் கண்ணாடிச் சிரிஞ்சை மூன்று முறை கழுவினேன். நாலாவது முறை நிரப்பும்போது உறிஞ்சக் கூடாது. எண்ணெய் தன் அழுத்தத்திலேயே தண்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். உறிஞ்சினால் காற்று வரும். கடுகளவு குமிழி இருந்தாலும் கரைந்திருந்த வாயு அதற்குள் ஓடிவிடும், கணக்குப் பிழைக்கும். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. நிரம்பியதும் சிறிய அடைப்பை மூடி, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியில் சுற்றி, மரப்பெட்டிக்குள் வைத்தோம். இந்த முறை சேர் இன்னொன்றும் செய்யச் சொன்னார்: டப் சேஞ்சரிலிருந்தும் ஒரு மாதிரி.

டப் சேஞ்சர் என்பது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சொடுக்கி. மின்மாற்றியோடு ஒட்டியிருந்தாலும் அதற்குத் தனி அறை, தனி எண்ணெய். ஒவ்வொரு தடவை மாறும்போதும் அதற்குள் பொறி பறக்கும். அது அதன் வேலை. அங்கே அசிட்டிலீன் நிறைய இருக்கும், அதற்காக யாரும் பயப்படுவதில்லை. ஆனால் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள அடைப்பு கசிந்தால், அந்த எண்ணெய் பெரிய தொட்டிக்குள் வரும். அப்போது தொட்டியில் பொறி இல்லாமலே அசிட்டிலீன் காட்டும்.

இரண்டாவது முடிவும் முதலாவதைப் போலவே வந்தது. கசிவா, உள்ளே பழுதா என்பதைப் பிரித்தறிய வாயுக்களின் விகிதத்தைப் பார்ப்பார்கள். அந்த விகிதம் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நின்றது.

பிராந்தியத்துக்கு மின்சாரம் தடையில்லாமல் போவதற்குப் பொறுப்பாக இருந்தவர் எக்கநாயக்க என்ற பொறியியலாளர். சிங்களவர், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தவர். கெட்டிக்காரர், நியாயமான மனிதர். அவருடைய அறையில் கூடினோம். இது டப் சேஞ்சர் கசிவுதான் என்று அவர் உறுதியாகச் சொன்னார். இந்த வகை மின்மாற்றிகளில் அந்த அடைப்பு கசிவது புதிதல்ல என்பதற்கு இரண்டு உதாரணமும் சொன்னார். இரண்டும் உண்மை. அவருடைய இன்னொரு கவலையையும் மறைக்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. நம்பர் வன்னை நிறுத்தினால் மாலையில் பகுதி பகுதியாக மின்வெட்டுப் போட வேண்டும். பிள்ளைகள் படிக்கும் நேரம். பெற்றோர் தெருவுக்கு வருவார்கள், அமைச்சிலிருந்து தொலைபேசி வரும், அவருக்கே மனம் வராது.

என் மகள் துர்காவும் அந்த வருடம் உயர்தரம் எழுத இருந்தாள். எங்கள் வீடும் அந்த உப மின்நிலையத்தின் கீழ்தான். அதை நான் அந்த அறையில் சொல்லவில்லை. எண்ணெயைப் பற்றிய பேச்சில் அதற்கு இடமில்லை என்று பட்டது.

கசிவா இல்லையா என்பதை நிறுத்தாமலே பார்க்க ஒரு வழி இருப்பதாகக் குலசிங்கம் சேர் சொன்னார். டப் சேஞ்சரை ஒரே நிலையில் பூட்டிவிடுவோம். அது மாறாவிட்டால் அதற்குள் பொறி இல்லை, புதிய வாயுவும் இல்லை. தினமும் மாதிரி எடுப்போம். தொட்டியில் அசிட்டிலீன் கூடாமல் நின்றால் கசிவு. பிறகும் ஏறிக்கொண்டு போனால், அது பிறக்கும் இடம் தொட்டிக்குள். எக்கநாயக்க உடனே சம்மதித்தார். அதற்கும் ஒரு விலை இருந்தது: சொடுக்கி பூட்டிக் கிடந்தால் மாலையில் மின்னழுத்தம் விழும். விளக்குகள் மங்கும், குளிர்சாதனப் பெட்டிகள் முனகும். திட்டு வாங்க வேண்டியவர் அவர். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

காலையில் எடுத்த சிரிஞ்சை எங்கள் ஊழியர் ஒருவர் ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோவார். பின்னேரம் தொலைபேசியில் எண் வரும். முதல் சில நாள் எண் அசையவில்லை. எக்கநாயக்க நிம்மதியாகச் சிரித்தார். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். சேர் மட்டும் நாட்காட்டியைப் பார்த்தார். பௌர்ணமிப் போயா விடுமுறையும் சனி, ஞாயிறும் சேர்ந்து வந்திருந்தன. பல்லேகலத் தொழிற்பேட்டை மூடிக் கிடந்தது. மின்மாற்றியில் பெரிய சுமை இல்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார்.

திங்கட்கிழமை தொழிற்சாலைகள் திறந்தன. அன்று மாலை வீட்டில் குழல்விளக்கு பற்றிக்கொள்ளாமல் துடித்துக்கொண்டிருந்தது. துர்கா கதிரையை எடுத்துக்கொண்டு குசினி பல்புக்குக் கீழே போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, உங்க ஆளுங்களுக்கு இதைச் சரி பண்ணத் தெரியாதா?" என்றாள்.

சரி பண்ணத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை எண் ஏறியது. புதன்கிழமை இன்னும் ஏறியது. சொடுக்கி அசையாமல் பூட்டிக் கிடக்க, சுமை கூடிய நாட்களில் தொட்டிக்குள் அசிட்டிலீன் பிறந்துகொண்டிருந்தது. சேர் வழக்கம்போல, வேறு எதனாலும் இப்படி வரலாமோ என்று கேட்டார். நான் நிறைய நேரம் யோசித்தேன். இல்லை என்றேன். அவரும் அதே முடிவுக்கு வந்திருந்தார்.

மறுபடியும் எக்கநாயக்கவின் அறை. இந்த முறை மேலிடத்து அதிகாரி ஒருவரும் கொழும்பிலிருந்து வந்திருந்தார். பரிசோதனையின் முடிவை யாரும் மறுக்கவில்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பரீட்சை முடியும்வரை தாங்குமா? அதிகாரி அதை மூன்று விதமாகக் கேட்டார். சுமையைக் குறைத்து ஓட்டினால் தாங்குமா, தினமும் மாதிரி எடுத்துக்கொண்டே ஓட்டினால் தாங்குமா, உங்கள் அனுபவத்தில் தாங்குமா. கடைசியில் குரலை உயர்த்தினார். சேர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தாங்கலாம், நாளைக்கே போகவும் செய்யலாம். எது என்று தனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை ஓடவிடச் சொல்லித் தான் கையெழுத்து வைப்பதில்லை.

எக்கநாயக்க மேசைமேல் இருந்த பகுதி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். அப்படியென்றால் எந்தப் பகுதிக்கும் அடுத்தடுத்த இரண்டு நாள் படிப்பு நேரத்தில் மின்வெட்டு வராதபடி தானே பிரித்துத் தருவதாகச் சொன்னார். அதிகாரி வெளியே போய்த் தொலைபேசியில் யாருடனோ பேசினார். திரும்பி வந்து சரியென்று தலையை ஆட்டினார். நம்பர் வன்னை நிறுத்தினோம்.

நிறுத்தியதும் முதலில் சுருள்களின் தடையை அளந்தோம். எல்லா முனைகளையும் பூமியோடு இணைத்து, மிச்ச மின்னூட்டத்தை வெளியேற்றிய பிறகுதான் சேர் யாரையும் தொட விடுவார். நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, கருவியின் முள் ஓய்ந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய சுருள்களில் அதற்கு நேரம் பிடிக்கும். அவசரக்காரனுக்கு முள் பொய் சொல்லும். அளந்து முடித்த பிறகு கம்பியைச் சட்டென்று கழற்றவும் கூடாது. சுருளுக்குள் இருக்கும் சக்தி கழற்றுபவன் கையால் வெளியே வரும். மூன்று சுருளில் இரண்டு ஒன்றுபோல் இருந்தன. நடுச்சுருளில், நாங்கள் சொடுக்கியைப் பூட்டி வைத்திருந்த அதே நிலையில், தடை கூடுதலாகக் காட்டியது. மின்மாற்றி பெரும்பாலும் ஓடுவதும் அந்த நிலையில்தான். பழுது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. அடுத்து, ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

எண்ணெயை இறக்கி, உலர்ந்த காற்றை உள்ளே செலுத்தினோம். வழக்கமாக உள்ளே இறங்குபவர் சுமணபால என்ற மூத்த தொழிலாளி. அவருக்கு அன்று கடுமையான தடிமல், தும்மிக்கொண்டே இருந்தார். மூச்சுக்கு இடைஞ்சல் உள்ளவரை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். மற்ற ஆண்கள் இருவரும் தோள் அகன்றவர்கள். நாங்கள் பார்க்க வேண்டிய பக்கத்தில் கம்பிக் கட்டுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. சுமணபால தொட்டிக்குள் ஆள் நுழையும் துவாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சேர் பார்க்காததுபோல் இருந்தார். கேட்டால் அது கட்டளையாகிவிடும் என்று நினைத்திருப்பார். நானே போறேன் சேர் என்றேன்.

"பயமில்லையே, பிள்ளை?"

"இருக்குங்க சேர். ஆனா நான்தான் சின்ன ஆளு."

உள்ளே ஒரு சின்ன ஆணி விழுந்தாலும் பிறகு அது ஒரு புதுப் பழுது. அதனால் உள்ளே போகிறவர் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. பையில்லாத, பொத்தான் இல்லாத வெள்ளை ஓவரோல். வானுக்குள் போய் ஊக்குகளைக் கழற்றினேன், தோட்டைக் கழற்றினேன், மோதிரத்தைக் கழற்றினேன். தாலியில் கை வைத்தபோதுதான் கொஞ்சம் தயங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து கழற்றியதில்லை. என் வீட்டுக்காரர் அப்போது பேராதனையில் தபால் வேலையில் இருந்தார்; கேட்டிருந்தால் கழற்று என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் கழற்றியதும் கழுத்து லேசாகிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. கைக்குட்டையில் முடிந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வெளியே வந்தேன். சேர் கையை நீட்டினார். வாங்கி, சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

டோர்ச்சை நாடாவால் மணிக்கட்டில் கட்டினார்கள். உள்ளே காற்றில் ஒட்சிசன் போதுமா என்று அளந்தார்கள். துவாரத்தின் அருகே சுமணபால உட்கார்ந்தார்; நான் வெளியே வரும்வரை அந்த இடத்தை விட்டு அவர் எழும்பக் கூடாது. தலை போனது, தோள் போனது. உள்ளே காலுக்குக் கீழே வழுக்கியது. எண்ணெய் ஊறிய காகிதமும் மரமும் கலந்த வாடை. வெளியே பேசுவது தூரத்தில் கேட்பதுபோல் கேட்டது. பக்கவாட்டில் திரும்பி, சுவரில் முதுகு உரச, ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்தேன். சுருளிலிருந்து சொடுக்கிக்குப் போகும் கம்பிகள் காகிதம் சுற்றி வரிசையாக வந்தன. எல்லாம் தேன் நிறம். டோர்ச்சை நடுச்சுருளின் பக்கம் திருப்பினேன். ஒரு கம்பியின் இணைப்பில் காகிதம் கறுத்திருந்தது. தொட்டேன். பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு ஒரு பக்கம் உருகிப் பள்ளமாகியிருந்தது. பிடித்திருந்த போல்ட்டைக் கையுறை விரலால் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது.

"சேர், இருக்கு" என்றேன்.

"என்ன நிறம்?" என்று கேட்டார். நிறத்தைச் சொன்னேன். பள்ளத்தின் ஆழத்தைக் கேட்டார், பக்கத்துக் கம்பிகளைப் பார்க்கச் சொன்னார், உதிர்ந்த கரி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டார். எல்லாம் சொன்ன பிறகுதான் வெளியே வரச் சொன்னார். வந்ததும் கைக்குட்டையை முடிச்சு அவிழ்க்காமல் திருப்பித் தந்தார்.

பழுதான இணைப்பை வெட்டி வெளியே எடுத்த நாளில் எக்கநாயக்க வந்தார். அந்தச் செம்புத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் எவ்வளவு நாள் நின்றிருக்கும் என்று சிங்களத்தில் கேட்டார். இப்போதும் தெரியாது என்றார் சேர். எக்கநாயக்க சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாளே, பரீட்சை முடியும்வரை ஓட்டுவதற்கு அனுமதி கேட்டுத் தான் எழுதி வைத்திருந்ததாகவும், கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருந்ததாகவும் சொன்னார். துண்டை மேசையில் வைத்துவிட்டு, மதிலுக்கு அப்பால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்த வீடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருத்த வேலை எதிர்பார்த்ததைவிட இழுத்தது. புதிய இணைப்பு, புதிய காகிதம், எண்ணெயைச் சூடாக்கி வாயுவும் ஈரமும் போக வடிகட்டுவது, மறுபடியும் எல்லாப் பரிசோதனைகளும். அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் முறை வந்தபோது மின்வெட்டு வந்தது. துர்கா மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாள். டியூஷன் வகுப்பில் பிள்ளைகள் மின்சாரக்காரர்களைத் திட்டினார்கள் என்று வந்து சொன்னாள். ஒருநாள் நேரே கேட்டாள்: "இந்த வெட்டுக்கு நீங்கதான் காரணமாம்மா?"

என் பரிசோதனைதான் காரணம் என்றேன். உள்ளே என்ன கண்டேன் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விளக்கின் பக்கம் நகர்த்தினாள். கோபம் போனதா என்று தெரியவில்லை. அந்த முறை அவள் மூன்று பாடமும் சித்தியடைந்தாள். ஆனால் பல்கலைக்கழகத்தில் விரும்பிய பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போனாள். அந்த மாலைகளில் வெளிச்சம் இருந்திருந்தால் முதல் முறையிலேயே போயிருப்பாளா என்று நான் யோசித்ததுண்டு. அவளிடம் கேட்டதில்லை.

நம்பர் வன்னுக்குத் திரும்ப மின்சாரம் கொடுத்தது ஒரு பின்னேரம். எக்கநாயக்க கட்டுப்பாட்டு அறையில் நின்றார். நாங்கள் முற்றத்தில் தூரத்தில் நின்றோம். மின் இணைப்பைக் கொடுத்ததும் ஓர் உறுமல், பிறகு அடங்கி வழக்கமான ரீங்காரம். சுமணபால கையெடுத்துக் கும்பிட்டார். சேர் வெப்பமானிகளைப் பார்த்தார். இருட்டுவதற்குள் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அன்று மாலைக்கான மின்வெட்டு இரத்து என்று வானொலியில் சொன்னார்கள்.

வானில் திரும்பி வரும்போதுதான் சேரிடம் சொன்னேன், என் மகளும் அடுத்த கிழமை சோதனை எழுதுகிறாள் என்று. அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்கட வீடும் இந்தப் பக்கந்தானே?"

"ஆமாங்க சேர்."

முன்பே சொல்லியிருந்தால் ஏதாவது மாற்றியிருப்பீர்களா என்று நானே கேட்டேன்.

"ஓம். சாம்பிள் எடுக்க வேற ஆளை அனுப்பியிருப்பன்."

அது சுருக்கென்று தைத்தது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் என் கையை நம்பமாட்டாரா என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மகாவலிப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கே நியாயம் தெரிந்தது. முதல் சில நாள் எண் அசையாமல் நின்றபோது நான் உள்ளுக்குள் சிரித்தவள். சிரிஞ்சு பிடித்த கைக்கு அந்தச் சிரிப்பு தெரிந்திருக்காது என்று என்னால் சொல்ல முடிந்தாலும், வேறு யாரும் அதை நம்ப வேண்டிய அவசியமில்லை. "நீங்க சொல்றது சரிங்க சேர்" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். வான் என்னை இறக்கிவிட நின்றபோது கண்ணாடியை இறக்கினார்.

"நாளைக்குக் காலமை முதல் சாம்பிள் எடுக்க வேணும். நீங்களே எடுங்கோ" என்றார்.

எடுத்தேன். அசிட்டிலீன் இல்லை.